பொருள்: மறு: எஸ்என்எம்பிவாக் – 'நடை' சரிவருமா?

> 'நடை' என்றே வைத்துவிடலாம், சுருக்கமாக இருக்கிறது.

வணக்கம்.

எஸ்என்எம்பிவாக் என்பது நெட்வொர்க் கருவிகளிடம் நிலவரம் கேட்கும் எஸ்என்எம்பி நெறிமுறைக்கான ஒரு கட்டளை; அந்த 'வாக்'குக்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம். 'நடை' சுருக்கம்தான். ஆனால் கண்காணிப்புத் திரையில் வைஃபை கன்ட்ரோலர் சிவப்பாகிக் கிடக்கும்போது "ஒரு நடை போய்ப் பார்" என்றால், புதிதாகச் சேர்ந்த பையன் சர்வர் அறைக்கே கிளம்பிவிடுவான்.

கருவியிலுள்ள மதிப்புகள் மரம்போல் கிளை கிளையாக எண்ணிடப்பட்டிருக்கும். எஸ்என்எம்பிகெட் என்ற கட்டளை அதில் ஒரு மதிப்பை மட்டும் கேட்கும். 1.3.6.1.2.1.1.3.0 என்று கொடுத்தால் கருவி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று பதில் வரும். வாக் அப்படியல்ல. ஒரு கிளையைக் காட்டிவிட்டால் "அடுத்தது? அதற்கடுத்தது?" என்று கேட்டுக்கொண்டே போய், கிளை முடிந்த இடத்தில் நின்றுவிடும். சிஸ்கோவின் பழைய ஏர்ஓஎஸ் மென்பொருளில் ஓடும் வைஃபை கன்ட்ரோலரில் 1.3.6.1.4.1.14179 கொடுத்துப் பாருங்கள், அக்சஸ் பாயின்ட் பெயர்கள் வரிசையாக வந்து விழும். (அந்த 14179 ஏர்ஸ்பேஸ் நிறுவனத்தின் எண். 2005-இல் சிஸ்கோ அதை வாங்கியது, கிளை மட்டும் பழைய வீட்டுப் பெயரிலேயே இருக்கிறது.)

ஆகவே என் பரிந்துரை: கிளையுலா. "கிளையுலா விட்டுப் பார்த்தாயா?" என்று வாயில் வருகிறது. ஒரே கேள்வியில் பல மதிப்புகளை வாங்கும் எஸ்என்எம்பிபல்க்வாக், மொத்தக் கிளையுலா.

> 'தொடர்வினவல்'?

அது போலிங்குக்கு வேண்டும். சர்வர் குறித்த இடைவெளியில் தானாகக் கேட்பதுதான் தொடர்வினவல். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் கோளாறு பார்க்கும்போது மாட்டிக்கொள்வோம். கண்காணிப்பு சர்வரிலிருந்தே விட்ட கிளையுலா ஒழுங்காக வந்து, வரைபடம் மட்டும் வெறுமையாக இருந்தால் கண்காணிப்பு மென்பொருளைத்தான் நோண்ட வேண்டும். கிளையுலாவே டைம்அவுட் என்றால் ஃபயர்வாலில் யுடிபி 161 அடைபட்டிருக்கலாம், கம்யூனிட்டி ஸ்ட்ரிங் தப்பாகவும் இருக்கலாம். வி2சி என்ற எஸ்என்எம்பி பதிப்பில் இரண்டுக்கும் ஒரே மௌனம்தான். ஸ்ட்ரிங் தப்பு என்று கருவி சொல்லாது.

இந்த ஸ்ட்ரிங்கைச் 'சமூகச் சரம்' என்று எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அது மறைக்காமல் போகும் கடவுச்சொல், அவ்வளவே. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

---

> ஆகவே என் பரிந்துரை: கிளையுலா.

பிரவுசரை ஏற்கெனவே உலாவி என்கிறோமே, குழம்பாதா?

---

குழம்பாது, ஐயா. மிப் (அந்த எண்மரத்தின் விவரப் பட்டியல்) பார்க்க உதவும் மிப் பிரவுசரும் உள்ளே இதே வேலையைத்தான் செய்கிறது. "மிப் உலாவியில் கிளையுலா" என்றால் பொருந்தியே வருகிறது. ஒன்று மட்டும்: கையேட்டில் கட்டளையின் பெயரைத் தொடாதீர்கள். விளக்க வரியில் கிளையுலா, டெர்மினலில் எஸ்என்எம்பிவாக்.