ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி?

மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறோம். மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள், அடுத்து அரசுப் பள்ளியா, சர்ச் நடத்தும் உதவிபெறும் பள்ளியா என்று வீட்டில் தினமும் இதே பேச்சு. வீட்டுக்காரருக்கு ரப்பர் பால்வெட்டு வேலை, மழைக்காலத்தில் வருமானமே இருக்காது. பிள்ளைக்கு டாக்டர் ஆகணுமாம். என்ன செய்யலாம்?

பதில் 1
அக்கா, டாக்டர் ஆசை இருந்தால் அரசுப் பள்ளிதான். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அங்கேயே படித்து நீட்டும் தேறினால், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் போட்டி போடலாம், உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது கிடையாது.

பதில் 2
உண்மைதான், ஆனால் உதவிபெறும் பள்ளியைத் தள்ளிவிடாதீர்கள். அங்கேயும் தமிழ் வழியில் படித்தால் கல்லூரி போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வும் எழுதலாம், தேறினால் ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை வருடம் 12,000 ரூபாய்.

பதில் 3
வேலை நாளில் நேரில் போய்ப் பாருங்க. கழிவறையில் தண்ணீர் வருதா, ஆய்வகத்தில் பிள்ளைகள் நிற்கிறார்களா, இல்லை பூட்டில் துரு ஏறிக் கிடக்கா? பிளஸ் டூவுக்கு உயிரியல் ஆசிரியர் இருக்கிறாரா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

கேட்டவர்
சரி, திங்கட்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். ரொம்ப நன்றி.