பழைய பைக் ஹெட்: எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் போதுமா, கைடும் மாற்றணுமா?

வண்டி 1970-களின் 350 சிசி, ஒற்றை சிலிண்டர், இரண்டு வால்வு, ஏர் கூல்டு. இரண்டு மாதமாக காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை. ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். கம்ப்ரெஷனும் குறைவு. ஸ்பார்க் பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்த்தும் ஏறவில்லை (பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஏறியிருக்கும்), அதனால் ரிங்கை விட்டுவிட்டு, வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டை இறக்கினேன்.

இன்லெட் பக்கம் பிரச்சினை இல்லை. எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து ஆட்டினால் 'கடக் கடக்' என்று கையிலேயே தெரிகிறது. கரி எல்லாம் சுரண்டிவிட்டு மைக்ரோமீட்டர் வைத்தேன்: ஸ்டெம் (வால்வின் தண்டு) தேயாத இடத்தில் 7.96 மிமீ, தேய்ந்த இடத்தில் 7.93. கைடின் (ஸ்டெம் ஏறி இறங்கும் குழல்) உள்விட்டம் நடுவில் 8.02, இரண்டு முனையிலும் 8.07. ஒரே அளவு இல்லை, முனைகள் புனல் வாய் மாதிரி விரிந்திருக்கின்றன. திருப்பி வைத்து அளந்தால் சற்று நீள்வட்டமும்கூட.

கிரைண்டிங் பேஸ்ட் போட்டு வால்வை அதன் சீட்டில் (வால்வு மூடும்போது அமரும் வளையம்) இரண்டு முறை தேய்த்தேன். சாம்பல் நிற வளையம் ஒரு பக்கம் அகலமாகவும் எதிர்ப்பக்கம் நூல் போலவும் விழுகிறது. போர்ட்டில் (புகை வெளியேறும் வழி) மண்ணெண்ணெய் ஊற்றினால் அந்த மெல்லிய பக்கத்தில்தான் கசிவு. மூன்றாவது முறை தேய்க்க மனமில்லை, சீட்தான் வீணாகும். ஸ்பிரிங் நீளம் சரி, ஸ்டெம் வளைவும் இல்லை (கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தேன்).

புது வால்வு கையில் இருக்கிறது, 7.96. அதைப் போட்டாலும் கைடு முனையில் 0.11 மிமீ இடைவெளி நிற்கும். கைடை மாற்றினால் ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) போட்டு, சீட்டையும் புதிதாக வெட்ட வேண்டும். இந்த சீட் ஏற்கெனவே கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அதுதான் தயக்கம்.

இந்த அளவுகளோடு பழைய கைடிலேயே புது வால்வை ஓட்டலாமா, அல்லது கைடு மாற்றி சீட் வெட்டுவதுதான் ஒரே வழியா?