புதுப்பிப்பு: பிரிட்டிஷ் குடியுரிமை விண்ணப்ப ஆவணங்கள்

பிரிட்டிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் ஏஎன் (AN) படிவத்துக்கு என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று முன்பு எழுதிய இழையில் விட்டுப்போனவை இவை.

பெரும்பாலும் சிக்குவது பயணக் கணக்கில்தான். விண்ணப்பிக்கும் முன்பான 5 ஆண்டுகளில் 450 நாள், அதில் கடைசி 12 மாதத்தில் 90 நாள் என்பது பிரிட்டனுக்கு வெளியே இருந்த நாட்களுக்கான வரம்பு. கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் வெளியில் இருந்ததாகச் சேராது; இடைப்பட்ட முழு நாட்களை மட்டும் எண்ணுங்கள். அந்த 5 ஆண்டு தொடங்கும் நாளில் பிரிட்டனில் இருந்திருக்க வேண்டும். அன்று ஊரில் விடுமுறையில் இருந்திருந்தால், தேதியைத் தள்ளி விண்ணப்பிப்பதே நல்லது. விமான நிலையத்தின் தானியங்கி வாயிலில் பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது என்பதால், பயணத் தேதிகளைக் காட்ட விமானச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். காலாவதியான பாஸ்போர்ட்டுகளையும் ஸ்கேன் செய்யுங்கள்.

விண்ணப்பத்தில் உங்களுக்காக உறுதி சொல்லும் பரிந்துரையாளர் (referee) இருவரும் உங்களை 3 ஆண்டுகளாவது அறிந்தவராக இருக்க வேண்டும், உறவினர் கூடாது. ஒருவர் ஆசிரியர், கணக்காளர் போன்ற தொழில்முறையாளர். அவர் எந்த நாட்டவராகவும் இருக்கலாம். மற்றவர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ளவர். அவர் தொழில்முறையாளர் இல்லையென்றால் 25 வயதைத் தாண்டியிருக்க வேண்டும்.

தமிழில் உள்ள பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்கு முழு மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், துல்லியமானது என்ற உறுதிமொழி எல்லாம் அதில் இருக்கட்டும்.