தெர்மோஸ்டாட் அணைவதற்குக் காரணம் சி கம்பியா, தண்ணீரா?

பிராம்ப்டன்வாசி:
போன இரண்டு குளிர்காலமும் ஒழுங்காக ஓடிய ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் (வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் சுவர்க் கருவி), குளிர் மைனஸ் 18 டிகிரிக்கு வந்ததிலிருந்து விடியற்காலையில் கறுத்துக் கிடக்கிறது. மத்தியானம் தானாக உயிர் வருகிறது. பேஸ்மென்டில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் போர்டில் விளக்கு எரிகிறது, ஃபியூஸும் போகவில்லை. சுவரில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சைக் கம்பிகள் மட்டும்தான். தெர்மோஸ்டாட்டுக்குத் தொடர்ந்து மின்சாரம் கிடைக்க உதவும் பொதுக் கம்பியான சி கம்பி இல்லை. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, உதவுங்கள்.

வயர்மேன்:
சி கம்பி இல்லாததுதான் வியாதி. அது இல்லாத தெர்மோஸ்டாட், வெள்ளைக் கம்பி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் உறிஞ்சித்தான் தன் பேட்டரியை நிரப்புகிறது. ஹீட் ஓடும் நேரத்தில் சிவப்பும் வெள்ளையும் சேர்ந்துவிடும், உறிஞ்ச வழி குறைந்துபோகும். கடுங்குளிரில் ஃபர்னஸ் இரவெல்லாம் ஓடினால் பேட்டரி தாங்காது. பச்சையைச் சி-யாக மாற்றிப் போடுங்கள்.

மீட்டர்காரன்:
அவசரப்படாதீர்கள். போன வருடமும் இதே குளிர் இருந்ததே, அப்போது எப்படித் தாங்கியது? கனடாவில் 2010-க்குப் பிறகு தயாரான வீட்டு கேஸ் ஃபர்னஸ்கள் பெரும்பாலும் 90 சதவீதத்துக்குக் குறையாத திறன் கொண்டவை. அவற்றின் புகையில் உள்ள நீராவி குளிர்ந்து தண்ணீராகச் சொட்டும். அதை வெளியேற்றும் பம்ப் நிரம்பி வழியப் போனால் ஒரு மிதவை சுவிட்ச் சிவப்புக் கம்பியைத் துண்டித்துவிடும். பல வீடுகளில் இப்படித்தான் இணைத்திருப்பார்கள். போர்டு விளக்கு அப்போதும் எரியும்.
தம்பி, முதலில் எது நின்றது? ஹீட்டா, திரையா?

பிராம்ப்டன்வாசி:
ஹீட்தான் அண்ணா. இரவு இரண்டு மணிக்கு வீடு குளிர்ந்துவிட்டது, திரையில் 'ஹீட்டிங்' என்றே இருந்தது. விடிகிறபோதுதான் திரை அணைந்தது.

மீட்டர்காரன்:
அப்படியானால் பேட்டரி முதலில் சாகவில்லை, சிவப்பில் கரண்ட் வரவில்லை. அடுத்த தடவை நிற்கும்போது மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, போர்டில் ஆர் (சிவப்புக் கம்பி மாட்டும் முனை), சி என்ற இரண்டு முனைகளுக்கும் நடுவே பாருங்கள். 24-க்கு மேல் காட்ட வேண்டும். பிறகு ஒரு முனையைச் சி-யிலேயே வைத்துக்கொண்டு, மிதவை சுவிட்சைத் தாண்டி மேலே போகும் சிவப்பைத் தொடுங்கள். அந்த இரண்டையும் ஒன்றோடொன்று முட்டவிட்டால் ஃபியூஸ் போய்விடும், கவனம்.

வயர்மேன்:
தண்ணீர்தான் என்றே இருக்கட்டும். சி கம்பி இருந்தால் இந்தச் சந்தேகமே வந்திருக்காதே?

மீட்டர்காரன்:
வந்திருக்கும். சிவப்பே அறுந்தபின் சி மட்டும் இருந்து என்ன பயன்? பச்சையை எடுத்தால் ஃபேனைத் தனியாக ஓட்டும் வசதியும் போகும்.

பிராம்ப்டன்வாசி:
பார்த்துவிட்டேன். போர்டில் 26, சுவிட்சைத் தாண்டிப் பூஜ்யம். பம்ப் விளிம்புவரை கலங்கல் தண்ணீர். அதன் குழாய் சுவர் வழியாக வெளியே போகிறது, நுனியில் விரல் நீளத்துக்குப் பனிக்கட்டி. மத்தியான வெயிலில் அது உருகியதும் பம்ப் காலியாகியிருக்கிறது. இப்போதைக்குக் குழாயை உள்ளேயே லாண்டரி தொட்டியில் விட்டிருக்கிறேன், ஹீட் ஓடுகிறது.

வயர்மேன்:
நல்லது. ஆனாலும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சுவருக்குள் பாருங்கள், பயன்படுத்தாத நீலக் கம்பி சுருண்டு கிடக்கலாம். பிரேக்கரை அணைத்துவிட்டு அதைச் சி-யில் போடுங்கள்.

மீட்டர்காரன்:
நீலம் இருந்தால் எனக்கும் சம்மதம். பச்சையைத் தொடாதீர்கள்.