மிச்ச நூலில் செய்ததில் உங்களால் மறக்க முடியாதது எது?

மஞ்சள்உருண்டை

பேத்தி ஸ்வெட்டரில் அரை உருண்டை மிஞ்சியது. சும்மா கிடக்கிறதே என்று இரட்டை இழையாகச் சேர்த்து, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்க மருமகளுக்கு ஒரு பிடிதுணி பின்னிக் கொடுத்தேன். ஓரத்தில் சிப்பிப் பின்னல் வேறு. மறுநாள் காலை பணியாரம். இரும்புக்கல், நன்றாகக் காய்ந்திருந்தது. "அத்தை!" என்று ஒரே ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கல்லின் காதில் மஞ்சளாக ஏதோ பாகு மாதிரி இழுபடுகிறது. அவள் கட்டைவிரலிலும் அதே மஞ்சள். குழாயடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பதினைந்து நிமிடம் நின்றிருப்பேன். "பரவாயில்லை அத்தை, பார்க்க அழகாத்தான் இருந்துச்சு" என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். அதுதான் இன்னும் குடைகிறது. நூல் அக்ரிலிக், செயற்கை இழை. முப்பது வருஷமாகப் பின்னுகிறவளுக்கு அது உருகும் என்று தோன்றியிருக்க வேண்டாமா?

குன்னூர்க்குளிர்

இதைப் படித்துவிட்டு யாரும் அக்ரிலிக்கே ஆகாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தினம் துவைக்கிற போர்வைக்கு அதை விட்டால் வேறு எது? லேபிள் தொலைந்த உருண்டைதான் சிக்கல். விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் மெத்தென்று இருக்கும். ஆட்டுக் கம்பளி என்றால் முடி பொசுங்குகிற நாற்றம், தீயை விலக்கினால் தானே அணைந்துவிடும். அக்ரிலிக் உருகும், ஆறினால் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். கைவசம் இருக்கிற எல்லா உருண்டையையும் இப்படிப் பார்த்து, மூன்று பைகளில் பிரித்து, பை மேல் எழுதி வைத்துவிடுங்கள். புது நூல் வாங்கினால் லேபிளை உருண்டைக்குள்ளேயே சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பட்டதும் இதனால்தான். கம்பளியையும் அக்ரிலிக்கையும் வரி வரியாகக் கலந்து பையனுக்குத் தொப்பி போட்டேன். யாரோ வெந்நீரில் அலசிவிட்டார்கள். கம்பளி வரிகள் சுருங்கி அட்டையாகிவிட்டன, அக்ரிலிக் வரிகள் அப்படியே பிதுங்கி நின்றன. பையன் அதை வாங்கித் தலையில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டான்.

மொட்டைமாடி

நான் நூலால் ஒன்றும் செய்யவில்லை. வெட்டிய துண்டுகளைப் பால்கனிக் கம்பியில் தொங்கவிட்டேன், அவ்வளவுதான். குருவி கூடு கட்டிக்கொள்ளும் என்று எங்கேயோ படித்த ஞாபகம். செம்பருத்தித் தொட்டியில் ஒரு சின்னான் குருவி வந்து கட்டியது. கூட்டைச் சுற்றிலும் என் நீல நூல், எனக்கு அவ்வளவு பெருமை. இரண்டு குஞ்சு. ஒன்று கிளைக்கு வந்துவிட்டது, இன்னொன்று எழுந்து எழுந்து விழுகிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் காலில் நீல நூல் மூன்று சுற்று. அதற்குக் கீழே கால் வீங்கிப் போயிருந்தது. எம்ப்ராய்டரி கத்திரியின் முனையை உள்ளே விட்டு ஒவ்வொரு சுற்றாக வெட்டினேன். தாய்ப்பறவை தலைக்கு மேலேயே கத்திக்கொண்டிருந்தது. மறுநாள் தொட்டியில் எதுவும் இல்லை. பறந்து போயிற்றா, பூனை கொண்டு போயிற்றா, இன்றுவரை தெரியாது. நூல் துண்டை வெளியே வைக்காதீர்கள், தயவுசெய்து.

ஆக்டோபஸ்அத்தை

மொட்டைமாடி, வெட்டிய துண்டுகளை வீணாக்க வேண்டியதே இல்லை, பொம்மைக்குள் அடைக்கலாம். ஆனால் பச்சைக் குழந்தைக்கான பொம்மை என்றால் அதுவும் கூடாது. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவம். குறைமாதக் குழந்தைகளுக்குக் குரோஷாவில், அதாவது கொக்கி ஊசியால், ஆக்டோபஸ் பொம்மை பின்னிக் கொடுப்பது 2013ல் டென்மார்க்கில் ஆரம்பித்த வழக்கம். குழந்தை தன் உடம்பில் மாட்டியிருக்கிற டியூபை இழுக்காமல் அதன் கால்களைப் பிடித்துக்கொள்ளும் என்ற எண்ணம். கையில் இருந்த ஐந்து நிற மிச்ச நூலில் ஒரே ராத்திரியில் முடித்துக் கொண்டுபோனேன். வார்டு நர்ஸ் அதன் காலை இழுத்து ஸ்கேலில் வைத்தார். "முப்பது சென்டிமீட்டர் வருதும்மா. கழுத்துல சுத்திக்கும்." இழுத்துப் பிடித்தாலும் 22 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாதாம். திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் எதைக் கொடுக்க இருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது.

ஆகவே செய்கிறவர்களுக்கு: முழுப் பருத்தி நூல் மட்டும். 60 டிகிரி தண்ணீரில் துவைத்தாலும் சாயம் போகக் கூடாது. உள்ளே புதுப் பாலியஸ்டர் பஞ்சு. கண்ணுக்கு மணி வைக்காதீர்கள், நூலிலேயே தையுங்கள். பின்னல் இடைவெளியில் பஞ்சு தெரியாத அளவுக்குச் சின்ன ஊசி. முடிச்சு நுனிகளைக் குறைந்தது இரண்டு திசையில் உள்ளே இழுத்துவிடுங்கள். முக்கியமாக, அந்த ஆஸ்பத்திரி வாங்கிக்கொள்ளுமா என்று முதலில் கேளுங்கள். மஞ்சள்உருண்டை, உங்கள் பிடிதுணிக்கும் பருத்திதான், அதுவும் இரண்டு அடுக்காக.

மஞ்சள்உருண்டை

பருத்தியில் இரண்டு அடுக்காகப் போட்டுக் கொடுத்துவிட்டேன், ஆக்டோபஸ்அத்தை. மருமகள் அதில்தான் இறக்குகிறாள். நான்தான் பக்கத்தில் நிற்காமல் இருக்க முடியவில்லை.

சங்கிலி

2016ல் சென்னையில் 11,148 சதுர மீட்டர் போர்வை போட்டுக் கின்னஸ் சாதனை செய்தார்களே, அதற்கு நானும் பின்னிக் கொடுத்தேன். அதில் மிஞ்சிய சிவப்பு நூல் வருஷக்கணக்கில் பீரோவிலேயே கிடந்தது. அதற்குள் அம்மாவுக்கு மறதி முற்றிவிட்டது. என்னையே "நீ யார் வீட்டுப் பொண்ணு?" என்று கேட்பார். ஒருநாள் சும்மா அந்த நூலையும் ஊசியையும் மடியில் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இடது ஆள்காட்டி விரலில் நூலைச் சுற்றிக்கொண்டார், எனக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்த அதே சுற்று. செயின் பின்னல் போட ஆரம்பித்தார். திருப்பி அடுத்த வரி போடத் தெரியவில்லை. செயின் மட்டும் போய்க்கொண்டே இருந்தது, கட்டிலைத் தாண்டி, தரையில், கதவு வரைக்கும். ஒரு கண்ணிகூடத் தளரவில்லை. நூல் தீர்ந்ததும் வெறும் ஊசியை ஆட்டிக்கொண்டிருந்தார். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அந்தச் செயினை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

குன்னூர்க்குளிர்

வட்டமாகச் சுருட்டி, அடியில் ஊசிநூலால் தைத்துக்கொண்டே வந்தால் அருமையான மணை விரிப்பு ஆகும். பிரிக்கவே வேண்டாம்.

சங்கிலி

தைக்க மனசு வரவில்லைங்க. அப்படியே இருக்கட்டும்.