ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸுக்கு வெளியிலிருந்து கட்டளை அனுப்புவது எப்படி?

கேள்வி:
சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எடைமேடைக் கணினியைப் பார்த்துக்கொள்கிறேன். லோரி ஏறியதும் எடையைப் படிப்பது நான் சிஷார்ப் மொழியில் எழுதிய விண்டோஸ் சர்வீஸ், அதாவது பின்னணியில் ஓடும் நிரல். இரண்டு லோரிக்கு நடுவே கிராணி (எழுத்தர்) ‘பூஜ்யமாக்கு’ பொத்தானை அழுத்தினால் சர்வீஸ் அதைக் கேட்க வேண்டும். இப்போது அதற்காக சர்வீஸை நிறுத்தித் தொடங்குகிறேன், அதற்கு அட்மின் அனுமதி வேண்டும், கிராணியிடம் அது இல்லை, வெளியே லோரிகள் வரிசை கட்டி நிற்கின்றன.

பதில் 1:
நிறுத்தவே வேண்டாம் அண்ணே. சர்வீஸில், வெளியிலிருந்து கட்டளை எண் வந்ததும் ஓடும் ஆன்கஸ்டம்கமாண்ட் என்ற மெத்தடை ஓவர்ரைடு செய்து உங்கள் வேலையை அதில் எழுதுங்கள், கிராணியின் செயலியில், சர்வீஸ்களுக்குக் கட்டளை அனுப்பும் சர்வீஸ்கண்ட்ரோலர் என்ற கிளாஸ் வழியாக எக்ஸிகியூட்கமாண்ட் 130 என்று அழையுங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் எண் 128 முதல் 255 வரைதான் இருக்கலாம், அதற்குக் கீழே உள்ளவை விண்டோஸுக்கே. முதலில் கமாண்ட் பிராம்டில் எஸ்சி கண்ட்ரோல், சர்வீஸ் பெயர், 130 என்று அடித்துப் பாருங்கள்.

பதில் 2:
அனுமதியும் பிரச்சினை இல்லை, இயல்பாகவே அந்தக் கணினியில் உள்நுழைந்த சாதாரணப் பயனரும் இந்தக் கட்டளையை அனுப்பலாம். அதனாலேயே எடைப் பதிவை அழிக்கும் வேலையை இதில் வைக்காதீர்கள். அப்புறம், போவது ஓர் எண் மட்டும், பதில் எதுவும் திரும்பி வராது. லோரி எண்ணையும் அனுப்ப வேண்டுமென்றால், இரண்டு நிரல்கள் தரவு பரிமாறிக்கொள்ளும் வழியான நேம்டு பைப்தான்.

கேள்வி கேட்டவர்:
130 வேலை செய்கிறது! ரொம்ப நன்றி. லோரி எண்ணுக்குப் பைப் எழுதத் தொடங்கிவிட்டேன்.