தக்காளி போல ஆரஞ்சு நிறப் பழம், கடித்தால் நாக்கு இழுக்கிறது. என்ன பழம் இது?

கேள்வி:
சந்தையில் பெயர் தெரியாமல் வாங்கிய நான்கு பழங்கள். பெரிய தக்காளி அளவு, ஆரஞ்சு நிறம், வழவழப்பான தோல். காம்படியில் காய்ந்த இலை மாதிரி நான்கு மடல். மறுமுனை கூம்பியிருக்கிறது. கல் போலக் கெட்டி. ஒரு துண்டு கடித்ததும் கடுந்துவர்ப்பு, வாய் முழுக்க மாவு அப்பியது போல வறண்டுவிட்டது. கெட்டுப்போனதா? மீதி மூன்றை என்ன செய்வது?

பதில் 1:
கெடவில்லை, பழுக்கவில்லை. இது பெர்சிமன். பனிச்சை மரத்தின் பேரினத்தைச் சேர்ந்ததுதான்; பனிச்சங்காயின் துவர்ப்பு தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

காயில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் கரையும் நிலையில் இருக்கிறது. அது எச்சிலின் புரதத்தோடு சேர்ந்து திரிவதால் வாயின் வழவழப்பு போய்விடுகிறது. பழுக்கப் பழுக்க டானின் கரையாத நிலைக்கு மாறும், அதன்பின் நாக்குக்குத் தெரியாது.

கூம்பு வடிவம் என்பதால் பெரும்பாலும் ஹச்சியா வகை. குழையக் கனிந்தால் மட்டுமே சாப்பிட முடியும். தட்டையான ஃபுயு வகையை ஆப்பிள் போலக் கெட்டியாகவே நறுக்கித் தின்னலாம். ஆனால் தட்டையாக இருந்தும் துவர்க்கும் வகைகள் உண்டு. எனவே வாங்கும்போது "கெட்டியாகச் சாப்பிடலாமா?" என்று கேட்டுவிடுங்கள்.

பதில் 2:
மூன்றையும் காகிதப் பையில் போட்டு, கூடவே ஒரு ஆப்பிளோ பழுத்த வாழைப்பழமோ வையுங்கள். அவை விடும் எத்திலீன் வாயு பழுக்க வைக்கும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள். காம்புப் பக்கம் கீழே இருந்தால் முனை நசுங்காது. பிளாஸ்டிக் பை வேண்டாம், வேர்த்துப் பூசணம் பிடிக்கும். குளிர்பெட்டியில் வைத்தால் பழுப்பது தாமதமாகும்.

அறை வெப்பத்தில் ஏறக்குறைய 3 முதல் 6 நாள். மூன்றும் ஒரே நாளில் பழுக்காது, தினமும் தொட்டுப் பாருங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: லேசாக அமுங்கியதுமே வெட்டிவிடுகிறார்கள். தண்ணீர் நிரப்பிய பலூன் போலத் தளதளக்க வேண்டும், தோல் கண்ணாடி போலத் தெரிய வேண்டும். பிறகு மடலை வெட்டி எடுத்துவிட்டுக் கரண்டியால் சதையை எடுங்கள்.

கேட்டவர்:
அவ்வளவு நாள் காத்திருக்காமல், உறைய வைத்தோ ஜாம் காய்ச்சியோ துவர்ப்பைப் போக்க முடியுமா? ஒரு பழத்தின் தோலில் கறுப்புக் கோடுகளும் இருக்கின்றன.

பதில் 3:
உறைய வைக்கலாம். முழுப் பழத்தை ஒரு நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்து, உருகியதும் துளி சுவைத்துப் பாருங்கள். துவர்ப்பு நன்றாகக் குறையும், சதை கூழாகிவிடும். தானாகப் பழுத்த பழத்தின் மணம் மட்டும் வராது.

ஜாம் வேண்டாம். சூடு பட்டால், கரையாத நிலைக்கு மாறிய டானின்கூட மறுபடி கரைந்து துவர்க்கும். கனிந்த பழத்திலும் இது நடக்கும்.

ஒரு கடி உள்ளே போனதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் துவர்க்கும் காயை வெறும் வயிற்றில் நிறையத் தின்னக் கூடாது. டானின் இரைப்பை அமிலத்தில் திரண்டு கெட்டிக் கட்டியாக நிற்கக்கூடும். இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் செரிமானம் மந்தமானவர்களும் தவிர்ப்பதே நல்லது.

கறுப்புக் கோடு பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும், சதை நன்றாக இருந்தால் சாப்பிடலாம். மடலுக்கு அடியில் நீர் கசிந்து புளித்த வாடை வந்தால் எறிந்துவிடுங்கள்.